ஏர் எடுத்த பிறகும் முன் பிரேக் இறங்குகிறதா? காலிப்பரை விட்டு மேலே பாருங்கள்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வண்டி 2012 மாடல் பல்சர் 220. கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்குப் போய்விட்டது. அரை மணி நேரம் ஓரங்கட்டி நின்றதும் திரும்ப வந்தது. ஊரில் மெக்கானிக் பேட் மாற்றி, இரண்டு தடவை ஏர் எடுத்தார், அதாவது பிரேக் ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றினார். அதன் பிறகு முன்பைவிட மோசம். இரண்டு முறை அடித்தால்தான் பிடிக்கிறது. சிக்னலில் லீவரைப் பிடித்தபடி நின்றால் மெல்ல உள்ளே இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை. இப்போது காலிப்பரையே, அதாவது பேடுகளால் டிஸ்க்கை இறுக்கும் பாகத்தையே, மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா, எங்கே வாங்குவது என்கிறீர்கள்.

காலிப்பர் வாங்காதீர்கள். "பிடித்தபடி நின்றால் இறங்குகிறது, ஒழுகல் இல்லை" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். கோளாறு ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள். அங்கே பிஸ்டன் தலையில் பிரைமரி கப் என்று ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. லீவரை அழுத்தும்போது ஆயிலை முன்னால் தள்ளுவது அதுதான். அதன் உதடு தேய்ந்தாலோ கிழிந்தாலோ, அழுத்தத்தில் இருக்கும் ஆயில் கப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, மறுபடி மேலே ஆயில் டப்பாவுக்கே போய்விடும். வெளியே எதுவும் போகவில்லை, அதனால் ஒழுகலும் இல்லை, மட்டமும் குறையாது. லீவர் மட்டும் இறங்கும். காலிப்பரில் சீல் போயிருந்தால் டயர் பக்கமோ பேடிலோ ஆயில் ஈரம் தெரிந்தே ஆக வேண்டும். ஆயில் மாயமாக மறைய அங்கே இடம் கிடையாது.

ஏர் எடுத்த பிறகு ஏன் மோசமானது? மெக்கானிக் தப்பாக ஏதும் செய்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எல்லோரும் செய்கிற மாதிரிதான் செய்திருப்பார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சிலிண்டரில் பிஸ்டன் தினமும் முதல் சில மில்லிமீட்டர் தூரம்தான் போய்வருகிறது. அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால், கப் ஒருநாளும் போகாத பகுதியில், ஆயிலில் சேர்ந்த தண்ணீரால் அலுமினியம் அரித்து, வெள்ளையாகப் பூத்து, சொரசொரப்பாகக் கிடக்கும். ஏர் எடுக்கும்போது காலிப்பரில் காற்று வெளியே வரும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து லீவரைக் கைப்பிடி வரை அழுத்துகிறோம் அல்லவா, அப்போது பழைய கப் முதல்முறையாக அந்தச் சொரசொரப்பின் மேல் போய் உரசுகிறது. நாற்பது ஐம்பது முறை அப்படிப் போனால் உதடு கீறிவிடும். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்து முழு ஓட்டத்தைத் தடுப்பது இதற்காகத்தான். இன்னும் நல்லது, லீவரையே தொடாமல் கீழிருந்து சிரிஞ்சால் ஆயிலை ஏற்றுவது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மலையில் நடந்தது வேறு கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக்கிலேயே இறங்கினால் டிஸ்க்கும் பேடும் காலிப்பரும் கொதிக்கும். டாட் 3, டாட் 4 என்ற தர எண்களில் வரும் பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடி இடுக்கிலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேரும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. மாற்றாமல் பல வருடம் விட்ட ஆயில் மலையில் கொதித்து ஆவியாகும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆறினால் ஆவி மறுபடி திரவமாகி பிரேக் திரும்பும். உங்களுக்கு அரை மணியில் வந்தது அதனால்தான். ஆக, பழைய ஆயில் மலையில் கைவிட்டது. அதே பழைய ஆயில் அரித்துவைத்த சிலிண்டர் ஏர் எடுக்கும்போது கப்பைக் கெடுத்தது. மூலம் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. குறை சொல்லவில்லை, நானும் என் முதல் வண்டியில் ஏழு வருடம் மாற்றவில்லை.

கழற்றுவதற்கு முன் கையாலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, லீவரை இரண்டு முறை அடித்து, பிடிக்கும் இடத்தில் ஒரே அழுத்தமாக முப்பது நொடி வைத்திருங்கள். அழுத்தி நொறுக்க வேண்டாம், சிக்னலில் நிற்கும் அளவு போதும். இறங்கிக்கொண்டே போனால் கப்தான். இறங்காமல், ஆனால் பஞ்சு மாதிரி அமுங்கி அமுங்கி நின்றால் உள்ளே காற்று இருக்கிறது. இன்னொருவரை லீவர் அழுத்தச் சொல்லி நீங்கள் காலிப்பரையே உற்றுப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள மிதக்கும் காலிப்பர்தான். அது பக்கவாட்டில் வழுக்கும் பின்கள் வறண்டு இறுகியிருந்தால், அழுத்தும்போது காலிப்பர் நகராமல் டிஸ்க் ஒரு பக்கமாக வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். "இரண்டு முறை அடித்தால் பிடிக்கிறது" என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹோஸையும் முழு நீளத்துக்கு விரலால் தடவிப் பாருங்கள், அழுத்தும்போது ஓரிடத்தில் உப்பினால் ஹோஸ் போய்விட்டது.

இதே இடத்தில் பக்கத்துக் கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதற்காகவும் காலிப்பர் வாங்கிவிடுகிறார்கள். பிரேக் பிடித்த பிறகு விடாமல் உரசிக்கொண்டே வருவது, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானால் வீல் இறுகுவது. ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, ஆயிலைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு அடியைப் பாருங்கள். இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று பெரியது. மற்றது குண்டூசி முனை அளவுதான் இருக்கும். சில வண்டியில் அதன் மேல் ஒரு சின்னத் தகடு மூடியிருக்கும், அதை நெம்பி எடுக்க வேண்டும். சூடேறி விரியும் ஆயில் திரும்ப மேலே வர அந்தச் சின்ன ஓட்டை ஒன்றுதான் வழி. பழைய ஆயில் காப்பி டிகாக்ஷன் நிறத்துக்குப் போய், அடியில் கருப்பு ஜெல்லியாகப் படிந்து அதை அடைத்துவிடும். வழி அடைந்தால் ஆயில் கீழேயே மாட்டிக்கொண்டு பிஸ்டனைத் தள்ளியபடி இருக்கும். ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்க்க, டப்பாவில் கொஞ்சம் ஆயில் இருக்கும்போது லீவரை மெதுவாகத் தொட்டு அழுத்துங்கள். அழுத்தத் தொடங்கிய கணத்தில் அந்த ஓட்டையிலிருந்து குட்டி நீரூற்று மாதிரி ஆயில் மேலே பீச்சும். பீச்சினால் வழி சரி. ஒன்றுமே அசையவில்லை என்றால் அடைப்பு. கிளட்ச் கேபிளின் ஒரே ஒரு இழையை வெட்டி எடுத்து அதில் விட்டால் போதும். ஊசி, துளைப்பான் எதையும் விட்டுப் பெரிதாக்கிவிடாதீர்கள், கப் அதன் மேல் போகும்போது கிழியும். முகத்தை மேலே நீட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம், பீச்சினால் நேரே கண்ணில்தான் விழும். டேங்க் மேல் ஈரத் துணி போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். பட்டுவிட்டால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வேறு கடை லீவர் போட்டிருந்தால் இதே உரசல் அதனாலும் வரலாம். லீவர் பிஸ்டனை எப்போதும் அரை மில்லிமீட்டர் தள்ளிக்கொண்டே இருந்தால், கப் அந்தச் சின்ன ஓட்டையை மூடியே வைத்திருக்கும். லீவரில் துளி பிளே இருந்தே ஆக வேண்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். மாஸ்டர் சிலிண்டர் கிட் (உள்ளே போடும் புது ரப்பர்கள் அடங்கிய செட்) வாங்கினால் போதுமா, முழு சிலிண்டரா என்பது உள்ளே பார்த்த பிறகுதான் தெரியும். லீவரைக் கழற்றி, தூசி ரப்பரை இழுத்தால் உள்ளே பிஸ்டனை வெளியே வராமல் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற வளையம் தெரியும். நீண்ட மூக்குள்ள உள்பக்க சர்க்ளிப் பிளையர் இல்லாமல் அதை எடுக்க முயற்சி செய்யாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்சுவரில் கீறல் போட்டவர்கள் ஏராளம். பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வெளியே வந்ததும் உள்ளே துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, விரல் போகாத இடத்தில் மூங்கில் குச்சியின் முனையை இழுத்துப் பாருங்கள். வழவழ என்று வந்தால் கிட் போதும். குச்சி எங்காவது தட்டினால், குழி விழுந்திருந்தால், கிட் போட்டு வீண். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்பார்கள். அந்த அலுமினியச் சுவரின் மேல் கடினமான மெல்லிய பூச்சு இருக்கிறது. தேய்த்தால் அது போய்விடும், புதுக் கப் சில மாதம்தான் தாங்கும். உங்கள் வண்டியின் வயதையும் கதையையும் வைத்துப் பார்த்தால் முழு சிலிண்டர் வாங்க வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனாலும் திறந்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கிட் போடுவதாக இருந்தால் கப்பின் உதடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது ரப்பரைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் உள்ளே விட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் இந்தப் பக்கமே வரக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு காலிப்பர் சீல்களை நன்றாகச் சுத்தம் செய்கிறேன் என்று பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவி மாட்டினேன். வீட்டு வாசலில் எல்லாம் அருமையாக இருந்தது. மறுநாள் ஆத்தூர் போகும் வழியில் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி கனத்தது. நிறுத்திப் பார்த்தால் டிஸ்க் கைவைக்க முடியாத சூடு, வீல் சுற்றவில்லை. ரப்பர் பெட்ரோலைக் குடித்து ஊதி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துவிட்டது. காலிப்பர் பிஸ்டனைத் திரும்ப உள்ளே இழுப்பது ஸ்பிரிங் எதுவும் அல்ல, அந்தச் சதுர வாட்ட சீல்தான். பிரேக் பிடிக்கும்போது அது பிஸ்டனோடு லேசாக முறுக்கிக்கொண்டு, விட்டதும் நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் கொண்டுவரும். ஊதிய சீலுக்கு அந்த வேலை தெரியாது. நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை வெளியே விட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக ஊர் திரும்பினேன்.

இப்போது பாகம் வாங்குவது. முதலில் கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டருக்கே போங்கள். "பல்சர் 220 மாஸ்டர் சிலிண்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆர்சி புத்தகத்தின் படத்தை நீட்டி, சேசிஸ் நம்பரையும் தயாரித்த மாதம், வருடத்தையும் சொல்லி, அவர்கள் கணினியில் அந்த மாடலின் பாகப் படத்தைத் திறந்து பார்ட் நம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொண்டால் அங்கே சரக்கு இல்லாவிட்டாலும் வேறு எந்த ஊர்க் கடைக்கும் போன் போட்டுக் கேட்கலாம். ஒரே பெயரில் வந்த வண்டிக்கு வருடத்துக்கு வருடம் பிரேக் மாறியிருக்கும், அதிலும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குக்கும் 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) கட்டாயம் ஆன பிறகு ஹோஸ் வழியே மாறிவிட்டது. உங்களுடையது அதற்கு முந்தையது. மேலிருந்து காலிப்பருக்கு நேரே ஒரே ஹோஸ். வேலை சுலபம். ஏபிஎஸ் வண்டியில் அதன் மாடுலேட்டர் என்ற அழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் சில மாடல்களில் சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது.

டீலரிடம் கிடைக்கவில்லை என்றால் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப் பாகம் விற்கும் மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கும். கடைக்காரர் முதலில் கேட்பதே "ஒரிஜினலா, லோக்கலா" என்றுதான். பிரேக்கில் லோக்கல் வேண்டாம். சைடு மிரரில், இண்டிகேட்டரில் மிச்சம் பிடியுங்கள். வண்டிக் கம்பெனியின் கவரில் வருவதை மட்டுமல்ல, கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுப்பவர்களின் சொந்தப் பெட்டியில் வருவதையும் வாங்கலாம். என்டூரன்ஸ், பிரெம்போவின் இந்தியப் பிராண்டான பைபிரே போன்றவை அப்படிப்பட்டவை. ஆனால் உங்கள் பழைய சிலிண்டரில் என்ன பெயர் வார்த்திருக்கிறதோ அதற்குப் பொருந்துவதைத்தான் கேட்க வேண்டும். பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், பார்ட் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். பழைய பாகத்தைத் துடைத்துக் கையோடு கொண்டுபோங்கள். கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம் ஒரு பஸ் டிக்கெட்டை மிச்சப்படுத்தும்.

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்றும் கேட்பீர்கள். லீவர், ஆயில் டப்பா மூடி, கிளாம்ப், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் மாதிரி உலோகப் பாகத்துக்குத் தாராளமாகப் போங்கள், உற்பத்தி நின்றுபோன வண்டிக்காரர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. முழு பழைய காலிப்பர் எடுத்தாலும் பிஸ்டனில் துரு, கீறல் இல்லாததாகப் பார்த்து எடுத்து, சீல் கிட் புதிதாகப் போட்டே மாட்டுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் சிலிண்டரை அரித்த அதே தண்ணீர் அதையும் அரித்திருக்கும்.

"வேற வண்டி சிலிண்டர் இருக்கு, கச்சிதமா உக்காரும்" என்று யாராவது நீட்டினால் அதன் உடம்பில் வார்த்திருக்கும் அளவைப் பாருங்கள். 11, 12.7, 14 என்று மில்லிமீட்டரிலோ 1/2 என்று அங்குலத்திலோ இருக்கும். 12.7 இருந்த இடத்தில் 14 போட்டால் பிஸ்டனின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். லீவர் கல் மாதிரி இறுகும், "அடடா, என்ன பிரேக்" என்று தோன்றும், ஆனால் அதே வேகத்தில் நிறுத்த விரலுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு பலம் அதிகம் தேவைப்படும். சிறியதைப் போட்டால் நேர்மாறு, மென்மையாக இருக்கும், லீவர் கைப்பிடிக்கே வந்து முட்டும். போல்ட் புரியும் கவனிக்க வேண்டும். ஜப்பான் வகைப் பிரேக்கில் ஹோஸ் போல்ட் பெரும்பாலும் 10 மி.மீ., 1.25 புரி. பிரெம்போ வகையில் பெரும்பாலும் 1.0 புரி. இரண்டு சுற்று கையால் ஏறி மூன்றாவதில் இறுகினால் நிறுத்திவிடுங்கள், ஸ்பானர் போட்டால் அலுமினியப் புரி போயிற்று.

கூடவே வாங்க வேண்டியவை சில்லறைச் சாமான்கள்தான். ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் புதுக் காப்பர் வாஷர். ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் வியர்க்கும். அவசரத்துக்குப் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும், ஆனால் புதியதே சில ரூபாய்தான். ஹோஸ் இன்னமும் 2012 ஆண்டினது என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். உள்சுவர் சதை பிரிந்து ஒருவழிக் கதவு மாதிரி ஆகி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் செய்யும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகோல் உள்ள கடையில் அளந்து பாருங்கள்.

ஆயில் எது என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். அதில் டாட் 4 இருந்தால் டாட் 4. டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது. பெயர் குழப்பினாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம்தான். சின்ன பாட்டிலாக, சீல் உடையாததாக வாங்குங்கள். பட்டறை அலமாரியில் மூடி தளர்ந்து ஆறு மாதம் நிற்கும் ஒரு லிட்டர் டப்பாவிலிருந்து ஊற்றினால் பழைய ஆயிலை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ஆயிலை ஊற்றுவது போலத்தான்.

ஏர் எடுக்க, மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்சும் நிப்பிளில் இறுக்கமாக உட்காரும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயும் போதும். சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, குழாயில் குமிழ் இல்லாமல் தள்ளிவிட்டு நிப்பிளில் சொருகி, எட்டாம் நம்பர் ஸ்பானரால் கால் சுற்று திறந்து, கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். காற்று இயல்பாகவே மேலே போகும், அதை எதற்குக் கீழே தள்ளிக்கொண்டு போராட வேண்டும்? மேலே டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசிக் காற்று பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் வாயில் இருக்கும் ஹோஸ் போல்ட்டில்தான் ஒளிந்திருக்கும். ஹேண்டிலை, டப்பா உயரமாக வரும் பக்கம் திருப்பி வைத்து, லீவரை நுனியில் மட்டும் படபடவென்று தட்டினால் குட்டிக் குமிழ்கள் அந்தச் சின்ன ஓட்டையில் ஒவ்வொன்றாக வரும். லீவரை இரவு முழுக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்கும் பழக்கமும் உண்டு. மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றுக்கு அது உதவும். கப் போன சிலிண்டருக்கு உதவாது, உங்கள் மெக்கானிக் அதைச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நிப்பிளை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள், உள்ளே ஓட்டையுள்ள மெல்லிய போல்ட் அது, முறிந்தால்தான் உண்மையிலேயே காலிப்பர் வாங்க வேண்டி வரும்.

எல்லாம் முடிந்ததும் அதே முப்பது நொடிச் சோதனை. பிறகு லீவரின் தூசி ரப்பர், இரண்டு ஹோஸ் போல்ட், நிப்பிள் நான்கையும் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, லீவரை ஓங்கிப் பத்து முறை அழுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பேப்பர் நான்கும் காய்ந்திருந்தால் தெருவுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள், டீக்கடை வரைக்கும்கூட.

கொல்லிமலைக்கு மறுபடி போனால், ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். வளைவுக்கு முன்னால் பிடித்து விடுங்கள், பிடித்தே இறங்காதீர்கள். உங்கள் வண்டியில் பின்னாலும் டிஸ்க்தான். அந்த ஆயிலையும் கையோடு மாற்றிவிடுங்கள், முன்னது இருந்த நிலையில்தான் அதுவும் இருக்கும்.